இப்போது என்ன கதை வாசிக்கிறீர்கள்?

இருவர் சந்தித்தால் ஸலாம் உரைத்துத் தொழிலையும் பிள்ளைகளையும் விசாரித்துப் பிரிவது நம்மவர் வழக்கம். அண்மையில் மஃரிபுக்குப் பின் நண்பர் சிலர் கூடியிருந்தபோது, இவ்விரண்டையும் விடுத்து, "இப்போது என்ன கதை வாசிக்கிறீர்கள்? அதில் உங்களை மகிழ்வித்தது எது?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டோம். நூல் விமர்சனங்கள் பல எழுதியும் படித்தும் பழகிய நமக்கு, அங்கே கிடைத்த விடைகள் புதியனவாக இருந்தன.

முதலில் வாய் திறந்தவர், மர்ஹூம் தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை இரண்டாம் முறையாக வாசித்து வருகிறார். மகிழ்வித்தது எது எனக் கேட்டதற்கு, "எங்க வாப்பும்மா பேசுறது மாதிரியே இருக்கு" என்றார். அதற்குமேல் சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை.

இதை அற்பமான விடை என்று தள்ளிவிட நமக்கு மனமில்லை. 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து 1988இல் நூலுருப் பெற்ற நாவல் அது. பள்ளியில் மலையாளம் பயின்ற ஆசிரியர், தேங்காப்பட்டணத்துப் பேச்சை அதன் ஓசை குன்றாமல் ஏட்டில் ஏற்றிவிட்டார். தம் வீட்டு அடுப்படியில் கேட்ட சொல்லை அச்சில் காண்பவனுக்கு உண்டாகும் பூரிப்பு, பிறர் எளிதில் உணரக்கூடியதன்று. ஆயினும் அந்நாவல் பேச்சு வழக்கின் பதிவேடு மட்டுமா? வடக்கு வீட்டு அஹமதுகண்ணு முதலாளியின் குடும்பப் பெருமைக்கு ஊரே தலை வணங்கி நிற்கிறது. சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது ஒருவன் வணங்க மறுக்கிறான். இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வரலாமா கூடாதா என்பதில் ஊரின் அச்சமெல்லாம் வந்து குவிகிறது. முதலாளியைக் கொடியவனாகத் தீட்டி எறிந்துவிடுவது எளிது. மீரான் அதைச் செய்யவில்லை. அந்த வீடு சரியும்போது நமக்குள் களிப்பு எழுவதில்லை, இரக்கமே எழுகிறது. நம் நண்பர் தலைவாசலில் நின்று வீட்டின் அழகை வியந்து திரும்பிவிட்டார். உள்ளே போயிருக்க வேண்டும்.

மற்றொருவர் பஷீரை வாசித்துக்கொண்டிருந்தார். 1951இல் மலையாளத்தில் வெளிவந்த அந்தச் சிறு நாவல், குளச்சல் மு. யூசுஃபின் தமிழில் 'எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது' எனக் கிடைக்கிறது. செல்வம் போன பின்பும் தம் தகப்பனாரின் ஆனையை விடாமல் பேசிக்கொண்டிருக்கும் ஒரு தாயாரின் கதை. அந்த ஆனை வெறும் குழியானைதான் என்று இறுதியில் பிள்ளைகள் கூவுகிறார்கள். மணலில் குழி பறிக்கும் அப்பூச்சிக்குத் தமிழிலும் அதே பெயர் இருப்பதால், சிலேடை சிதையாமல் எல்லை தாண்டிவிட்டது. மொழிபெயர்ப்பாளருக்கு இப்படி வாய்ப்பது அரிது. இதைச் சொல்லிச் சிரித்த நண்பர், சற்று நேரம் கழித்து, "எங்க வீட்டுல ஆனை இல்ல, பாய்மரக் கப்பல்" என்றார். பிறகு அவர் சிரிக்கவில்லை.

நிற்க. ஸல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) பற்றிப் பேச்சு வந்தது. "வீட்டு விவகாரத்தையெல்லாம் வீதியில் போட்டுவிட்டார்" என்று பெரியவர் ஒருவர் கடிந்தார். எத்தனை பக்கம் வாசித்தீர்கள் என்று பணிவுடன் கேட்டோம். ஒரு பக்கமும் இல்லை. அப்போது, இதுவரை பேசாதிருந்த இளைஞர் ஒருவர், தம் ராத்தா அந்நூலை இரண்டே இரவுகளில் முடித்துவிட்டு அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருப்பதாகத் தாழ்ந்த குரலில் சொன்னார். பிடித்திருந்ததா என்றோம். "யார்கிட்டயும் சொல்லலை" என்றார்.

நம் சமுதாயத்துக் கதை இலக்கியத்தின் நோய் எங்கே இருக்கிறது என்பது அக்கணத்தில் நமக்குப் புலப்பட்டது. எழுதுவார் இல்லை என்று அங்கலாய்க்கிறோம், எழுதுவார் இருக்கின்றனர். வாசிப்பார் இல்லை என்கிறோம். அலமாரிக்குள் அவர்களும் இருக்கின்றனர். வாசித்தவர் வாய் மூடியிருக்க, வாசியாதவர் தீர்ப்புக் கூறுகிறார். அந்நாவலில் குறையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. எவர் எவருக்கு என்ன உறவு என்று பிடிபடுவதற்குள் பல பக்கங்கள் ஓடிவிடுகின்றன, பாத்திரங்கள் மிகுதி. இதைச் சொல்லும் உரிமை வாசித்த அப்பெண்மணிக்கு உண்டு. அவர் சொன்னால் அது விமர்சனம். பெரியவர் சொன்னது வதந்தி.

நாவல் நமக்கு ஆகாத அந்நியப் பழக்கம் என்று வாதிப்பாரும் உளர். 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறிய 1879ஆம் ஆண்டுக்கு ஆறே ஆண்டுகள் கழித்து, 1885இல், 'அஸன்பேயுடைய கதை'யை எழுதியவர் கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை. அவர் வேலையற்ற பொழுதுபோக்காளர் அல்லர். வழக்கறிஞர், 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்தியவர், கல்விக்காக உழைத்தவர்.

எங்களைக் கேட்டீரே, நீர் எதை வாசிக்கிறீர் என்று நண்பர்கள் திருப்பிக் கேட்டார்கள். அந்த அஸன்பேயைத்தான் என்றோம். கெய்ரோவிலே பிறந்த குழந்தை களவு போய்ப் பம்பாயில் வளர்கிறது. தற்செயல்கள் மிக அதிகம். நடையும் இன்றைய வாசகரைச் சில இடங்களில் களைப்படையச் செய்யும். ஆனால் கண்டியிலிருந்த ஒருவர் இத்தனை தூரத்து நகரங்களைத் தமிழுக்குள் அழைத்துவந்த துணிவு நம்மைப் பக்கம் புரட்ட வைக்கிறது.

கூட்டம் கலையும்போது அந்நூலை இரவல் கேட்டவர், ஸல்மாவைக் கடிந்த அதே பெரியவர். கொடுத்தனுப்பினோம். இன்னும் திரும்பி வரவில்லை.