மரத்தால் ஆனவனும் மரத்தில் அறையப்பட்டவரும்

கடந்த கோடை விடுமுறையில், திருத்துறைப்பூண்டியில் நம் பங்குச் சிறாருக்குப் பொம்மை செய்து, அதனை அசையும் படமாக்கும் கலையைக் கற்பிக்க முனைந்தோம். அலுமினியக் கம்பியை முறுக்கி எலும்பாக்கி, அதன்மேல் பிளாஸ்டிசின் களிமண்ணை அப்பினோம். சிறிது அசைத்து ஒரு படம். மீண்டும் அசைத்து இன்னொரு படம். ஒரு நொடிக்கு 24 படங்கள் வேண்டும். ஒவ்வொரு நிலையையும் இருமுறை பதித்தாலும் 12 அசைவுகள் தேவை. மே மாத வெயிலில் களிமண் இளகிற்று. பொம்மை முகங்குப்புற விழுந்தது. முகத்திற்கு மூன்று நாள் செலவிட்ட நாம், பாதத்தைத் தரையோடு பிணிக்கும் ஒரு திருகாணியை நினைக்கவில்லை.

இத்தோல்விக்குப் பின்னரே, 'ஸ்டாப் மோஷன்' எனப்படும் இம்முறையில் கியெர்மோ டெல் டோரோவும் மார்க் குஸ்டாஃப்சனும் இயக்கிய 'பினோக்கியோ' (2022) படத்தைக் கண்டோம். 2023இல் ஆஸ்கார் விருது பெற்ற படம் இது. தச்சர் ஜெப்பெட்டோ ஆலயத்தின் பாடுபட்ட சுரூபத்தைச் செதுக்கிக்கொண்டிருக்கையில் போர் விமானத்தின் குண்டு விழுந்து, அவர் மகன் மாள்கிறான். ஆண்டுகள் கழிந்தும் துயர் ஆறாத அவர், ஒரு நாள் மதுவெறியில் மரத்தை வெட்டி, ஒரே இரவில் ஒரு சிறுவனைச் செதுக்குகிறார். ஒரு காது கூட முற்றுப்பெறாத அப்பொம்மை உயிர்பெற்று ஆலயத்துள் நுழைய, மக்கள் அஞ்சி விரட்டுகின்றனர். பின்னர் அவன் சுரூபத்தை நோக்கிக் கேட்கிறான்: அவரும் மரம், நானும் மரம், அவரை நேசிப்பவர்கள் என்னை ஏன் வெறுக்கிறார்கள்?

இக்கேள்வியே படத்தின் உயிர்நாடி. கொல்லோதியின் மூலக்கதையில், நல்லவனாக மாறிய பின்னரே பொம்மை மனிதப் பிள்ளையாகிறது. இப்படத்திலோ அவன் மரமாகவே இருக்கிறான், மாறுபவர் தந்தையே. தகுதி கண்டு தரப்படுவதன்று அன்பு என்னும் இச்செய்தி நற்செய்திக்கு மிக அண்மையது. குறையும் உண்டு. மறுவுலகக் காட்சிகள் விதிமுறைகளை விளக்கி விளக்கி மரணத்தின் கனத்தைக் குறைத்துவிடுகின்றன. ஊர்க் குருவானவர் பாசிச அதிகாரியின் நிழலாகவே நிற்பது நமக்கு வலிக்கிறது. ஆயினும், வலிக்க வேண்டிய இடத்திலேயே வலிக்கிறது.

நம் காவிரிக்கரைக்கும் பொம்மை புதிதன்று. கும்பகோணம் மணி ஐயர் போன்றோர் வளர்த்த பொம்மலாட்டத்தில் மரப்பொம்மை நான்கரை அடி உயரமும் 10 கிலோ எடையும் வரை இருக்கும். ஆட்டுவிப்பவர் தலையில் அணிந்த இரும்பு வளையத்திலிருந்து நூல்கள் தொங்கும். பொம்மையின் பாரம் அவர் தலைமேல். டெல் டோரோவின் படத்திலோ கலைஞர் தொட்டுத் தொட்டு விலகுகிறார். அவரது கை திரையில் தெரிவதேயில்லை. முன்னதில் சுமத்தல், பின்னதில் மறைந்திருத்தல். தம் படைப்பை நேசிப்பவர்க்கு இரண்டும் வேண்டும்.

விழுந்த பொம்மையை எறிந்துவிட்டுப் புதிது செய்யலாம் என்றோம். சிறுமி ஒருத்தி உடன்படவில்லை. நசுங்கிய முகத்தை அப்படியே விட்டு, பாதத்திற்கு மட்டும் திருகாணி பொருத்தினாள். பொம்மை நின்றது, நான்கு நொடி நடக்கவும் செய்தது.

புனித வெள்ளியன்று பாடுபட்ட சுரூபத்தை முத்தமிட வரிசையில் நிற்கிறோம். செதுக்கி முடியாத ஒரு பிள்ளை அதே வரிசையில் வந்து நின்றால், நாம் சற்றே நகர்ந்து இடம் தருவோமா?