மலிவுச் சந்தா: எந்த அளவுகோலில்?

இதழ்ச் சந்தாவில் எது மலிவு என்று பார்ப்பவர்கள் அட்டை விலையையும் சந்தாத் தொகையையும் ஒப்பிட்டதோடு நின்றுவிடுகிறார்கள். கைக்கு வந்து சேர்ந்த பிரதி ஒன்றுக்கு எவ்வளவு விழுந்தது என்பதே செல்லத்தக்க அளவுகோல்.

அப்படி அளந்தால் தபாலிலிருந்து தொடங்க வேண்டும். 1898ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம், செய்தித்தாள் என்ற தகுதிக்கு இரண்டு நிபந்தனைகள் வைத்தது: இதழ்களுக்கிடையே 31 நாளுக்கு மேல் இடைவெளி கூடாது; மெய்யான சந்தாதாரர் பட்டியல் இருக்க வேண்டும். வார, மாத இதழ்கள் இதனால் சில்லறைக் காசில் ஊர் சுற்றின. காலாண்டிதழ் முதல் நிபந்தனையிலேயே விழுந்தது. நம் சிற்றிதழ்களில் எத்தனை மாதந்தோறும் ஒழுங்காக வந்தன என்பது வாசகர் அறிந்ததே. ஆகவே அவற்றின் சந்தா கூடுதல் என்று குறைகூறுவது முறையன்று. அதில் ஒரு பகுதி தபால் தலைக்கே போகிறது. சலுகைத் தபாலுக்கும் குறை உண்டு. சேர்ந்ததற்கு அத்தாட்சி இல்லை. பன்னிரண்டில் இரண்டு தொலைந்தால் ஆறில் ஒரு பங்கு போயிற்று. பத்து சதவீதத் தள்ளுபடி அதை ஈடுகட்டாது.

பேப்பர்காரரிடம் தள்ளுபடி கிடையாது, இழப்பும் இல்லை. பிடிக்காத மாதம் நிறுத்தலாம். வார இதழுக்கு அவரே போதும். பழைய புத்தகக் கடை விலையில் எல்லோரையும் வெல்லும், தொடர்ச்சியில் தோற்கும். விவாதத்தின் மறுப்பு மட்டும் கிடைத்து மூலக் கட்டுரை கிடைக்காமல் போவது அங்கே வழக்கம்.

மாத இதழுக்கு ஓராண்டு, ஈராண்டுச் சந்தாவே தேறுகிறது. காகித விலை ஏறினாலும் வாசகருக்குப் பாதிப்பில்லை, இதழும் தாங்கும்.

ஆயுள் சந்தாவின் கணக்கு கவர்ச்சியானது, அடித்தளம் பலவீனமானது. தொகையை வைப்பில் இட்டு வட்டியில் பிரதி அனுப்பினால் அது ஒரு முறை. அடுத்த இதழின் அச்சுக்கூலிக்கே அது செலவானால், பின்வரும் ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு? சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' 1970இல் நின்றது. சிற்றிதழ் மட்டுமா? 1941இல் தொடங்கிய 'கல்கி'யே 2020இல் அச்சை நிறுத்தியது. எனவே ஆயுள் சந்தாவை ஐந்தாண்டுச் சந்தாவோடு ஒப்பிட்டு, மிகுதியை நன்கொடைக் கணக்கில் எழுதலாம். தாராளமாகவே கொடுக்கலாம், சிக்கனம் என்ற பெயரில் வேண்டாம்.