எல்லைக்கோடும் அரண்மனைக் கவலையும்

அல்ஜீரியாவும் மொரோக்கோவும் அரபு மொழியாலும் பர்பர் மரபாலும் மாலிக்கி மத்ஹபாலும் பிணைந்த அண்டை நாடுகள். ஃபாஸ் அரசவைக்கும் திலிம்சான் அரசவைக்கும் இடையே இப்னு கல்தூன் பயணம் செய்த அந்நிலப்பரப்பில்தான் 1994இல் எல்லை மூடப்பட்டது. இப்பகைமைக்கு இரு விளக்கங்கள் வழமையாக முன்வைக்கப்படுகின்றன: பிரான்ஸ் விட்டுச்சென்ற எல்லைக்கோடு, மன்னராட்சிக்கும் சோசலிசத்துக்கும் இடையிலான கொள்கை முரண். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும், பகை ஏன் சில ஆண்டுகளில் மூண்டது, சில ஆண்டுகளில் தணிந்தது என்ற வினாவுக்கு அவை விடை தருவதில்லை.

1845ஆம் ஆண்டின் லல்லா மஃனிய்யா உடன்படிக்கை பாலைவன எல்லையை வரையறுக்காமலே விட்டது. பின்னர் தின்தூஃப், பஷ்ஷார் பகுதிகளைப் பிரான்ஸ் அல்ஜீரியாவுடன் சேர்த்தது. விடுதலைக்குப் பின் இதனைப் பேசித் தீர்ப்பதாக 1961 ஜூலையில் அல்ஜீரியத் தற்காலிக அரசின் தலைவர் ஃபர்ஹாத் அப்பாஸ், மன்னர் இரண்டாம் ஹசனுடன் உடன்பட்டிருந்தார். ஆனால் 1963 அக்டோபரில் 'மணற்போர்' மூண்டது.

அவ்வாண்டில் இரு தலைநகரங்களின் நிலை என்ன? அல்ஜீரிய அதிபர் பென் பெல்லாவுக்கு எதிராக ஹுசைன் ஆயித் அஹ்மத் தலைமையில் கபீலியா மலைப்பகுதி கிளர்ந்தெழுந்திருந்தது. போர் தொடங்கியதும் கிளர்ச்சித் தளபதி முஹந்த் உல்ஹாஜ் அரசுடன் சமரசமானார், கிளர்ச்சி பிளவுண்டது. மொரோக்கோவிலோ இடதுசாரி எதிர்க்கட்சியினர் ஜூலையிலேயே பெருமளவில் கைதாகியிருந்தனர். போரைக் கண்டித்த மஹ்தி பென் பர்கா நாட்டிலில்லாத நிலையில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. எதிர்க்கருத்தைத் தேசத்துரோகமாகக் காட்ட இரு அரசுகளுக்கும் அப்போர் உதவிற்று.

உள்நாட்டு நெருக்கடி எப்போதும் போரையே ஈனும் என்று நாம் கூறவில்லை. 1971இல் ஸ்கீராத் அரண்மனையில் தம் படையினரின் துப்பாக்கிகளுக்குத் தப்பிய மன்னர், 1972 ஜூனில் அல்ஜீரியாவுடன் எல்லை உடன்படிக்கை செய்துகொண்டார். எல்லைக்கோடு இடம் பெயரவில்லை. வெளிப்பகையைத் தாங்கும் வலிமை அன்று அரண்மனைக்கு இல்லை என்றே நாம் கருதுகிறோம். இரு மாதங்களில் அவரது விமானமும் தாக்கப்பட்டது. 1975 நவம்பரிலோ, ஸ்பெயினின் ஆளுகையிலிருந்த மேற்குச் சஹாராவை நோக்கி 3,50,000 மொரோக்கர்கள் 'பசுமைப் பேரணி'யில் அணிதிரண்டனர். எதிர்க்கட்சிகளும் மன்னரின் பின்னே நின்றன. ஐயத்துக்குரிய இராணுவம் தலைநகரிலிருந்து தொலைவான பாலைவனத்துக்குப் போயிற்று.

அல்ஜீரியாவில் 1965 முதல் தேர்தலின்றி ஆண்டுவந்த பூமதீன், 1975 டிசம்பரில், தியாகத் திருநாளை ஒட்டிய நாட்களில், பல்லாயிரக்கணக்கான மொரோக்கர்களை வெளியேற்றினார். 1976 மார்ச்சில் மொரோக்கோவுடனான மோதலையும் தனிநபர் ஆட்சியையும் ஒருசேரக் கண்டித்து அறிக்கை வெளியிட்டவர்களுள் ஒருவர் அதே ஃபர்ஹாத் அப்பாஸ். அவர் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார்.

1994இல் மராகிஷ் விடுதித் தாக்குதலையடுத்து மொரோக்கோ அல்ஜீரியர்களுக்கு விசாவைக் கட்டாயமாக்க, அல்ஜீரியா எல்லையை மூடியது. அப்போது அது, 1992இல் தேர்தலை ரத்துசெய்ததால் விளைந்த உள்நாட்டுப் போரில் உழன்றுகொண்டிருந்தது. 2021 ஆகஸ்டில் அல்ஜீரியா தூதரக உறவை முறித்தது. மொரோக்கோ 2020இல் இஸ்ரேலுடன் உறவு புதுப்பித்ததும் அதற்கு ஒரு காரணம். எனினும் 2019இல் பூதஃப்லீகாவைப் பதவியிறக்கிய மக்கள் எழுச்சி ஆட்சியாளர்களை உலுக்கிய பின்னரே இது நிகழ்ந்தது என்பதையும் மறக்கலாகாது.

சஹ்ராவி மக்களின் சுயநிர்ணயக் கோரிக்கை தனக்கேயுரிய நியாயம் கொண்டது. அதனை எவரது உள்நாட்டுத் தேவையாகவும் சுருக்க முடியாது. ஆனால் முஸ்லிம் நாடுகளின் பிணக்குகள் அனைத்தையும் காலனியச் சூழ்ச்சியின் கணக்கில் எழுதிவிடும் நமது பழக்கம், அப்பிணக்குகளால் பயன்பெறும் ஆட்சியாளர்களைக் கேள்வியிலிருந்து காப்பாற்றிவிடுகிறது. அந்தக் கேள்வியைத் தம் நாட்டிலேயே எழுப்பிய பென் பர்காவையும் ஃபர்ஹாத் அப்பாஸையும் நாம் நினைவுகூர வேண்டும். அவர்கள் செவிமடுக்கப்பட்டிருந்தால், மொரோக்கோவின் வஜ்தாவிலுள்ள ஒரு தாய் அருகிலேயே மஃனிய்யாவில் வாழும் தன் மகளைக் காண மூன்றாம் நாடொன்றைச் சுற்றிவர நேர்ந்திராது.