பழைய பேண்ட் 4-உம் புதிய பேண்ட் 4-உம் ஒன்றா?



செனாவாங்கில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், அக்கா 2019-ல மூவெட் எழுதி பேண்ட் 4 எடுத்தாங்க. நான் 2022-ல எழுதி 4. ரெண்டும் ஒன்னுதானே?" ஆமாம்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். மனம் வரவில்லை.

1999-இல் தொடங்கிய மூவெட், 2021-இல் சி.இ.எஃப்.ஆர். எனும் ஐரோப்பிய மொழித் தர அளவுக்கு ஏற்ப மாற்றப்பட்டது. பெயர் மட்டும் அதேதான். முன்பு மொத்தம் 300 புள்ளி: கேட்டல் 45, பேச்சு 45, வாசிப்பு 120, எழுத்து 90. இப்போது 360, நான்குக்கும் தலா 90. உச்சத்தில் இருந்த பேண்ட் 6 போய் 5+ வந்தது. இடையில் அரை பேண்டுகளும் நுழைந்தன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தாளின் கடினம் ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். வாசிப்பில் 80 விழுக்காடு, எழுத்திலும் கேட்டலிலும் 60, பேச்சில் 40 எடுக்கிற ஒரு பிள்ளை. பழைய முறையில் 300-க்கு 195, அதாவது 65 விழுக்காடு. புதிய முறையில் 360-க்கு 216, வெறும் 60. பிள்ளை அதே பிள்ளைதான். வீட்டில் தமிழ், வெளியே மலாய், ஆங்கிலம் புத்தகத்தில் மட்டும் என்று வளரும் நம் தோட்டப்புறப் பிள்ளைகள் பலருக்கு இந்த வித்தியாசம் உறைக்கும்.

பேச்சுக்கு எடை கூடியதை நான் குறை சொல்லவில்லை. வேலைக்குப் போனால் பேசத்தானே வேண்டும்! இரண்டு முறைகளின் முடிவையும் ஒரே மேசையில் வைத்து எண்ணை மட்டும் பார்க்கிறார்களே, அதுதான் என் குறை. நேர்முகத்தில் "ஏன் 6 வரலை?" என்று கேட்டவர்களும் உண்டு. புதிய தேர்வில் 6 கிடையவே கிடையாது.

இது சின்ன விஷயம் இல்லைங்க. அமெரிக்க இராணுவ ஆள்சேர்ப்புத் தேர்வான ஆஸ்வாப், 1976-இல் புதிய தாள்களுக்கு மாறியபோது, பழைய புள்ளியோடு பொருத்தும் அட்டவணை தப்பாகிவிட்டது. 1980-இல் திருத்துவதற்குள், சரியான கணக்கில் தகுதியே பெற்றிருக்காத 300,000-க்கும் மேற்பட்டோர் உள்ளே வந்துவிட்டார்கள்.

சரியாகப் பொருத்த வழி உண்டு. ஒரே குழுவை இரண்டு தேர்வும் எழுதவைக்கலாம். அல்லது இரு தாள்களிலும் சில பொது வினாக்களை வைக்கலாம். அப்போதுதான் தாள் கடினமா, பிள்ளைகள் பலவீனமா என்று தெரியும். ஆனால் மூவெட்போல அளக்கும் பொருளின் எடையே மாறினால், "ஏறக்குறைய இதற்கு இது" என்ற ஒப்பீட்டு அட்டவணைதான் கிடைக்கும். 2016-இல் சாட் தேர்வு மாறியபோது அங்கே அதைத்தான் வெளியிட்டார்கள்.

ஆசிரியர்களே, மாணவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது பேண்ட் எண்ணோடு தேர்வு ஆண்டையும் மொத்தப் புள்ளியையும் சேர்த்தே எழுதுங்கள்: "216/360, 2022" என்று. மாணவர்களே, பழைய பயிற்சி நூலை வைத்து வாசிப்பிலேயே நேரத்தைப் போடாதீர்கள். பேச்சுக்கும் இப்போது அதே 90 தான்.