ஆத்துமாவுக்கு ஓர் உழவாரம்

மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த டீச்சரம்மா ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்றுப் பல வருஷங்கள் ஆகின்றன. நல்ல வாசகி. சென்ற வருஷம் ஒருநாள், "தம்பி, ஆத்துமாவுக்கு ஆகிற மாதிரி ஏதாவது புத்தகம் கொடுங்களேன்" என்று கேட்டார். நான் அந்த வேதத்தைச் சேர்ந்தவன் அல்ல. ஆனாலும் இலக்கியக்காரன் என்கிற தோரணை என்னை விடவில்லை. தேம்பாவணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். "பெரிய புத்தகம் தம்பி. தமிழ் அப்படியே கொட்டுகிறது. ஆனால் இது உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு. எனக்கு நின்றுகொண்டு படிக்கிற மாதிரி ஏதாவது வேண்டும்" என்றார்.

அவர் வீட்டைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த வார்த்தையின் அர்த்தம் புரியும். கணவர் பக்கவாதத்தில் விழுந்து ஆறு வருஷம் ஆகிறது. இரண்டு மணிக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். ராத்திரியிலும் அப்படித்தான். புரட்டுகிறபோதெல்லாம் ஒரு சின்ன ஜெபம் சொல்வாராம். "முதலில் அவருக்காகச் சொன்னேன். இப்போது எனக்காகச் சொல்கிறேன். சில ராத்திரி எரிச்சல் எரிச்சலாக வருகிறது. அது கையில் இறங்கிவிடக் கூடாது, பாருங்கள்" என்றார்.

ஆத்துமாவைப் பேணுவது என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. எரிச்சல் கையில் இறங்காமல் பார்த்துக்கொள்வது. அதை ஒரு நாள் செய்தால் போதாது. அடுத்த இரண்டு மணிக்கும் செய்ய வேண்டும். இந்தக் காரியத்துக்கு உதவுகிற எழுத்து நம்மிடம் உண்டா என்கிற கேள்வியோடு நான் வீடு திரும்பினேன். நல்ல விமரிசகன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. எனக்கு அது அதுவரை தோன்றவில்லை.

மஞ்சக்குப்பத்தை ஒட்டி ஓடுகிற கெடிலத்தின் கரையோடு மேற்கே போனால் திருவதிகை வரும். அப்பர் மனம் மாறிய தலம். அப்பரைப் பற்றிக் கேட்டால் நம்மில் யாரும் உடனே சொல்வது நீற்றறையும், கல் தெப்பமாக மிதந்ததும்தான். அவர் கரையேறிய இடம் என்று திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கத்தில் ஓர் ஊரே பெயர் தாங்கி நிற்கிறது. ஆனால் சிற்பி அவர் கையில் என்ன கொடுத்தான்? உழவாரம். கோயில் பிராகாரத்தில் புல் செதுக்குகிற ஒரு சாதாரணக் கருவி. கல் மிதந்தது ஒரு தடவை. புல்லோ செதுக்கச் செதுக்க முளைத்துக்கொண்டே இருக்கும். அப்பர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தது அந்தப் புல்லோடுதான்.

அவருடைய தமக்கை திலகவதியார் அவருக்கும் முன்னால் அதே திருவதிகையில் விளக்குமாறும் சாணமுமாகக் கோயில் முற்றத்தைப் பெருக்கி மெழுகிக்கொண்டிருந்தார். சேக்கிழார் அதை விட்டுவிடவில்லை. தம்பி திரும்பி வருவதற்கு முன்னாலேயே இந்தப் பெண்ணின் தினசரி வேலையைப் பெரியபுராணத்தில் சொல்லிவிடுகிறார். எனவே, காவியத்தில் விளக்குமாற்றுக்கு இடமில்லை என்று யாரும் சமாதானம் சொல்ல முடியாது. இடம் கொடுக்கிற மனசு கவிக்கு வேண்டும்; அவ்வளவுதான்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு தேம்பாவணியை மறுபடியும் படித்தேன். 1726-ல் வீரமாமுனிவர் பாடியது. 36 படலம், 3,615 பாட்டு. முனிவர் நமக்கு அந்நியர் அல்ல. இந்த ஜில்லாவின் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் எழுப்பியவர் அவர்தான். காவியத்தின் நாயகனோ சூசையப்பர். அதே பெயரில் மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. சூசையப்பர் தச்சர். சுவிசேஷங்களில் அவர் பேசியதாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. அவர் சொப்பனம் காண்கிறார், எழுந்திருக்கிறார், சொன்னதைச் செய்கிறார். மத்தேயு அவரை நீதிமான் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்.

இந்த மௌனியைக் காவிய நாயகனாக்க நினைத்ததே பெரிய தைரியம். ஆனால் காவியத்தில் அவர் வளன் என்று பெயர் மாறி, நிறையப் பேசுகிறார். யூதேயா நாட்டில் நெல்லும் கரும்பும் விளைகின்றன, நகரம் ஜொலிக்கிறது, வானவர் இறங்கி வந்து கதை சொல்கிறார்கள். எல்லாம் அழகு. சிந்தாமணியையும் கம்பனையும் கரைத்துக் குடித்த ஓர் இத்தாலியரின் தமிழைப் பார்த்து வியக்காமல் இருக்க முடியாது. ஆனால் தச்சுப் பட்டறையின் இழைப்புளிச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. தினம் தினம் ஒரே பலகையை இழைக்கிற மனிதனின் பக்தி என்ன ருசி என்று தெரிந்துகொள்ள அங்கே வழியில்லை.

இரட்சணிய யாத்திரிகத்தையும் இந்தத் தராசில் வைக்கலாம். எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1858-ல் ஞானஸ்நானம் பெற்ற வைஷ்ணவர். 1894-ல் நூல் வெளிவந்தது. மூலம் ஜான் பனியனுடையது, 1678-ல் அச்சானது. பனியன் ஓட்டைப் பாத்திரங்களுக்கு ஈயம் பற்றவைக்கிற தொழிலாளி. அவர் கதையில் ஓர் இடத்தில் அறையைப் பெருக்குகிறார்கள். தூசி கிளம்பி மூச்சை அடைக்கிறது. ஒரு பெண் வந்து தண்ணீர் தெளித்த பிறகுதான் அறை சுத்தமாகிறது. சமய தத்துவத்தை அவர் வீட்டு வேலையைக் கொண்டு சொல்லிவிட்டார். பிள்ளையவர்களோ அந்தக் கதையைக் கம்பனின் ராஜபாட்டையில் நடத்திச் சென்றார். ராஜபாட்டையில் தூசி இருக்கலாமா?

ஆனால் காலம் ஒரு வேடிக்கை செய்தது. அவ்வளவு பெரிய காவியத்தில் இன்று ஜனங்களின் வாயில் இருப்பது, இடையிடையே அவர் வைத்த பதிகங்கள். அவற்றுக்கு அவர் இட்ட பெயர் தேவாரம்! அப்பருடைய சொல்லையே எடுத்துக்கொண்டார். காவியத்தைப் பண்டிதர்கள் பாராட்டினார்கள். தேவாரத்தைக் குடும்பங்கள் பாடின. எது எந்தக் காரியத்துக்கு ஆகும் என்று குடும்பங்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்படியானால் டீச்சரம்மா கேட்ட புத்தகம் எங்கே? நாம் இலக்கியம் என்று மதிக்காத இடத்தில் அது நெடுங்காலமாகவே இருக்கிறது. நம் நாட்டில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் புத்தகம் 1578-ல் கொல்லத்தில் வந்த தம்பிரான் வணக்கம். 16 பக்கம். அது கதையும் அல்ல, கவிதையும் அல்ல; ஜெபங்களும் உபதேசமும். இரண்டு வருஷம் கழித்து, 1580-ல், பாவசங்கீர்த்தனத்துக்கு உதவுகிற புத்தகம் ஒன்றும் அச்சானது. இரண்டும் முத்துக்குளித்துறை மீனவர்களிடையே ஊழியம் செய்த ஹென்றிக்கஸ் பாதிரியார் எழுதியவை. கடலுக்குப் போய்த் திரும்புகிறவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளுக்காகத் தமிழ் வசனம் அச்சுக்கு வந்தது. இதை நம் உரைநடை வரலாறுகள் அச்சுக்கலைச் செய்தியாக மட்டும் சொல்லிவிட்டுப் போகின்றன. எனக்கு இது இலக்கியச் செய்தியாகவும் படுகிறது. மனிதன் தன் உள்ளத்தைத் தானே விசாரிக்கிற வசனம்தானே பின்னால் நாவலுக்கு அஸ்திவாரம்?

வீரமாமுனிவரிடமும் இந்த வசனம் உண்டு. தேம்பாவணி பாடிய மறு வருஷமே, 1727-ல், வேதியர் ஒழுக்கம் என்ற நூலை உபதேசியார்களுக்காக எழுதினார். ஊர் ஊராகப் போய்ப் பிறருக்குச் சொல்கிறவன் தன் ஆத்துமாவை எப்படிக் காத்துக்கொள்வது என்பது அதன் கவலை. முனிவர் சேசு சபைக்காரர். அந்தச் சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சிகள் அதன் அடியில் ஓடுகின்றன.

1548-ல் அச்சான அந்தப் பயிற்சி நூலில் ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. உன்னிடம் உள்ள ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள். மத்தியானம் ஒருமுறை, இரவு ஒருமுறை, எத்தனை தடவை தவறினாய் என்று எண்ணி ஒரு கோட்டில் அத்தனை புள்ளி வை. வாரத்தில் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடு. நேற்றைவிட இன்று புள்ளி குறைந்ததா பார். எங்கள் பாட்டி பால் கணக்குக்குச் சுவரில் கரிக்கோடு போடுவாள், அதைப் போலத்தான். ஆத்துமாவுக்கும் ஒரு பால் கணக்கு! இதில் பரவசம் இல்லை, தரிசனம் இல்லை. ஆனால் பால்காரியை ஏமாற்றலாம். இந்தக் கணக்கில் ஏமாற்றுவதற்கு வேறு ஆள் கிடையாது.

பாரிஸில் ஒரு மடத்துச் சமையல்காரர், லாரன்ஸ் சகோதரர், 1691-ல் இறந்தவர், சட்டி கழுவுகிற வேளையையும் ஜெப வேளையையும் பிரித்துப் பார்க்க மறுத்தார். நமக்குப் பக்கத்திலேயே வடலூரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. அங்கே அருளுக்கு அடையாளம் தினமும் வேகிற அரிசி. மதங்கள் வேறு, கருவி வேறு. புல் ஒன்றுதான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நியாயமான மறுப்பு. தினமும் திரும்பத் திரும்பச் செய்தால் பழக்கம் இயந்திரமாகிவிடாதா? ஆகும். கையில் ஜெபமாலை உருள, வாய் பக்கத்து வீட்டு வம்பைப் பேசுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அம்பது வருஷம் பூஜை செய்தும் மருமகளுக்கு ஒரு வாய் சோறு மனசாரப் போடாதவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். உழவாரம் கையில் இருந்தால் மட்டும் போதாது. புல்லைப் பார்க்கிற கண் வேண்டும். ஆனால் கண் இருக்கிறதே என்று கருவியைத் தூக்கி எறிந்தவர்களின் முற்றத்தையும் நான் பார்த்திருக்கிறேன். என்னுடையது அவற்றில் ஒன்று.

இனி எங்கள் தொழிலுக்கு வருகிறேன். தமிழின் முதல் நாவல், பிரதாப முதலியார் சரித்திரம், 1879-ல் வந்தது. எழுதிய வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர். பக்திப் பாடல்கள் நிறையப் பாடியவர். அவருக்கு முந்நூறு வருஷத்து ஆத்தும சோதனை வசனம் சொத்தாகக் கிடைத்திருந்தது. அவர் எடுத்துக்கொண்டதோ நீதியும் நகைச்சுவையும். ஞானாம்பாள் ஆண் வேஷம் போட்டு ராஜ்யம் ஆளுகிறாள். தன் மனசை விசாரித்துக்கொள்ள அவளுக்கு நேரமில்லை. அவருக்குப் பின்னால் வந்த நாங்கள் மட்டும் என்ன செய்தோம்? எங்களுக்குத் திருப்பம் வேண்டும். மனம் மாறுகிற கணம் வேண்டும். மாறிய பிறகு அந்த மனிதன் செவ்வாய்க்கிழமை காலையில் என்ன செய்தான் என்று எழுத எங்களுக்குப் பயம். வாசகர் கொட்டாவி விட்டுவிடுவார்.

இந்தப் பயம் இல்லாத ஒரு நாவலை நான் அறிவேன். ஹெப்சிபா ஜேசுதாசனின் புத்தம் வீடு, 1964-ல் வெளிவந்தது. கன்னியாகுமரிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றின் கதை. லிஸி என்ற பெண் வயதுக்கு வந்ததும் வீட்டுக்குள் அடைபடுகிறாள். பனையேறியின் மகன் தங்கராஜை விரும்புகிறாள். காத்திருக்கிறாள். அவ்வளவுதான். கோயிலும் ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கதையில் பனைமரத்தைப் போல இயல்பாக நிற்கின்றன. ஆசிரியை எங்கும் பிரசங்கம் செய்யவில்லை. லிஸிக்கு அற்புதம் எதுவும் நிகழவில்லை. ஆனால் கசப்பதற்கு எத்தனையோ காரணம் இருந்தும், அவள் வருஷக்கணக்காகக் கசந்துபோகாமல் இருக்கிறாள். அது எப்படி என்று கதை விளக்குவதில்லை, காட்டுகிறது. தேம்பாவணியில் நான் தேடிய இழைப்புளிச் சத்தம் இந்தச் சின்னப் புத்தகத்தில் கேட்கிறது.

அதைத்தான் இரண்டாம் தடவை கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்த முறை ஒரு மாதம் ஆயிற்று. போனபோது புத்தகம் கட்டிலருகே ஜன்னல் மேடையில், மருந்துப் புட்டிகளுக்கு நடுவே கிடந்தது. நடுப்பக்கத்தில் மாத்திரை அட்டை ஒன்று அடையாளத்துக்கு.

"இன்னும் முடிக்கவில்லை, தம்பி. ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம்தான் ஓடுகிறது" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இந்தப் பொண்ணு ஒண்ணுமே செய்யவில்லையே, பாருங்கள். இருக்கிறாள். அது லேசான காரியமா?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் சுவரில் மணி நாலு அடித்தது. "இருங்கள், வந்துவிடுகிறேன்" என்று எழுந்து உள்ளே போனார். கட்டில் கிறீச்சிடுவது கேட்டது. அதோடு தாழ்ந்த குரலில் ஏதோ இரண்டு வார்த்தையும் கேட்டது. என்ன என்று எனக்கு விளங்கவில்லை.