அவளுக்கென்ன அழகிய முகம்: ஒற்றைத் தடப் பாடலும் சூழொலிக் கேட்பும்

'அவளுக்கென்ன அழகிய முகம்' என்பது 1964 டிசம்பரில் வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' திரைப்படத்தின் பாடல். வாலி எழுத, விசுவநாதன் - இராமமூர்த்தி இணையர் இசையமைக்க, டி. எம். சௌந்தரராஜனும் எல். ஆர். ஈஸ்வரியும் குரல் கொடுத்தனர். அறுபது ஆண்டுகளைக் கடந்த இப்பாடலை இன்று வீட்டு அரங்கின் ஐந்து ஒலிபெருக்கிகளும் ஒரு சப்-ஊபரும் கொண்ட 5.1 சூழொலி அமைப்பில் கேட்போர், புதிய பாடல் ஒன்றைக் கேட்டதுபோல் வியப்படைவது உண்டு. இந்த வியப்பில் ஒரு பகுதி பாடலுக்குரியது. மற்றொரு பகுதி கருவியின் கைவேலை. இரண்டையும் பிரித்தறிவது, பழைய பாடல்களைப் பாதுகாப்பது பற்றிய கேள்வியுடனும் தொடர்புடையது.

பாடலும் காட்சியும்

ஏ.வி.எம். நிறுவனத்தின் இப்படத்திற்குக் கே. பாலசந்தர் எழுத, கிருஷ்ணன் - பஞ்சு இயக்கினர். பொதுவாகத் திரைப்பாடல்களில் வாத்தியக்காரர்கள் கண்ணில் படுவதில்லை. இப்பாடலிலோ எம். எஸ். விசுவநாதன் கையசைத்து இசைக்குழுவை நடத்துகிறார், சௌந்தரராஜன் ஒலிவாங்கியின் முன் நின்று பாடுகிறார், நாகேஷ் ஆடுகிறார். பாங்கோ தாளமும் பித்தளை ஊதுகருவிகளும் வயலின் கூட்டமும் மேலைநாட்டு நடன இசையின் துள்ளலைத் தருகின்றன. அதன் மேல் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லும் சிதையாமல் நிற்கிறது. மதுரையில் பிறந்த சௌந்தரராஜனின் உச்சரிப்புச் சிறப்பு அது.

எனினும் திரையில் தெரிவது படப்பிடிப்புக்காக அமைத்த காட்சி. ஒலிப்பதிவின்போது யார் எங்கே அமர்ந்திருந்தார் என்பதற்கு அதைச் சான்றாகக் கொள்ள முடியாது.

ஒற்றைத் தடப் பதிவு

அக்காலத் தமிழ்த் திரைப்பாடல்கள் பெரும்பாலும் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் இசைக்கப் பதிவாயின. ஒருவர் தவறினாலும் எல்லாரும் மீண்டும் தொடங்க வேண்டும். எந்த வாத்தியம் ஒலிவாங்கிக்கு அருகில், எது தொலைவில் என்ற ஏற்பாடே ஒலிச் சமநிலையைத் தீர்மானித்தது. முடிவில் கிடைத்தது ஒரே தடம், அதாவது மோனோ.

மேலைநாட்டில் நிலைமை வேறு. பீட்டில்ஸ் குழுவின் 'சார்ஜெண்ட் பெப்பர்' (1967) நான்கு தட நாடாக்களில் பதிவானது. அந்த நாடாக்கள் காக்கப்பட்டதால்தான் 2017இல் ஜைல்ஸ் மார்ட்டின் அதற்குப் புதிய சூழொலி வடிவம் தர முடிந்தது. ஒரே தடமாக எஞ்சிய தமிழ்ப் பாடலில் அவ்வாறு எடுத்து அடுக்கத் தனித்தனித் தடங்கள் இல்லை.

கம்பம் பள்ளத்தாக்கின் செவி

இன்றைய தேனி மாவட்டம் அன்று மதுரை மாவட்டத்தின் பகுதி. கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களுக்குத் திரைப்பாடல் வந்த வழிகள் டூரிங் டாக்கீஸ், இலங்கை வானொலி, திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் கட்டிய மைக் செட் ஆகியவை. கூம்பு ஒலிபெருக்கி வெகுதொலைவு கேட்கும்; ஆனால் தாழ்ந்த ஒலிகளை வெளியிடும் அளவு அதன் குழாய் நீளமானதன்று. வானொலியின் சிற்றலையும் மத்திய அலையும் மிக உயர்ந்த ஒலிகளை வெட்டிவிடும். இரு முனைகளும் போனபின் மிஞ்சுவது மனிதக் குரல் நிற்கும் நடுப்பகுதி. ஆகவே ஒரு தலைமுறைக்கு இப்பாடல் என்றால் முதன்மையாக டி.எம்.எஸ். குரல்தான்.

இந்தச் செவிச் சூழலில் வளர்ந்தவர்தான் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜா. தமிழில் ஸ்டீரியோ முறையில் பதிவான முதல் திரைப்பாடல்களாகக் கருதப்படுபவை அவர் இசையமைத்த 'ப்ரியா' (1978) படத்தின் பாடல்கள். ஒரே புள்ளியிலிருந்து இசை கேட்ட பள்ளத்தாக்கின் மைந்தரே, இடமும் வலமுமாக இசையைப் பிரித்துக் கேட்கும் பழக்கத்தைத் தமிழருக்குப் பரவலாக்கினார்.

சூழொலி தருவதும் மாற்றுவதும்

புதிய அமைப்பில் முதலில் கவனத்தை ஈர்ப்பவை, முன்பு காணாமற்போன அந்த இரு முனைகள்: பாங்கோவின் தோலில் விரல் படும் கூர்மை, அடியில் நடக்கும் தாழ்ந்த ஒலி, ஈஸ்வரியின் சொல்லற்ற குரலைச் சூழ்ந்த காற்று. இவை பாடலில் இருந்தவையே. ஆனால் இவற்றைத் தந்தது சுற்றிலும் வைத்த பெட்டிகள் அல்ல. தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை முழுமையாக ஒலிக்கவல்ல நல்ல ஒலிபெருக்கி. தரமான ஒரே பெட்டியும் இவற்றைத் தரும்.

சுற்றிலும் இருந்து வருவதாகத் தோன்றுவது பெரும்பாலும் கருவி சேர்த்தது. ஒரே தடத்தைச் சிறிது தாமதித்தும் எதிரொலி கூட்டியும் பின்பக்கப் பெட்டிகளுக்கு அனுப்புவது ஒரு முறை. செயற்கை நுண்ணறிவு மென்பொருளால் குரலையும் வாத்தியங்களையும் பிரித்து அடுக்குவது மற்றொரு முறை. பிரிப்பு சரியாக அமையாத இடங்களில் குரலின் நிழல் தாளத்தில் ஒட்டிக்கொள்ளும். வயலின்கள் நீருக்கடியில் ஒலிப்பதுபோல் மங்கும்.

இதைவிட முக்கியமானது சமநிலை மாற்றம். அசல் பதிவில் குரலும் தாளமும் ஒரே புள்ளியில் மோதிக்கொள்கின்றன. அந்த நெருக்கமே பாடலின் விசை. பித்தளைக் கருவிகளை இடப்புறமும் தாளத்தை வலப்புறமும் தள்ளினால் தெளிவு கூடும், விசை குறையும்.

மதிப்பீடு

சூழொலி வடிவங்களை முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை. 'கர்ணன்' (1964) டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு 2012இல் திரையரங்குகளில் வரவேற்புப் பெற்றது. பழைய இசை புதிய தலைமுறையைச் சேர அத்தகைய முயற்சிகள் உதவின. பெயர் தெரியாத வாத்தியக்காரர்களின் உழைப்பைக் காது கண்டுகொள்ளவும் இவ்வடிவங்கள் துணைபுரியும்.

ஆபத்து வேறிடத்தில் உள்ளது. புதிய வடிவம் அசலின் பெயரிலேயே இணையத்தில் உலவி அசலை மறைத்துவிட்டால், இசையமைப்பாளர் தேர்ந்த சமநிலையை நாளைய மாணவர் ஒருபோதும் கேட்கமாட்டார். உரையெழுதியவரின் சொல் மூலப்பாடத்தில் கலந்துவிட்டால் எத்தகைய குழப்பம் நேருமோ, அத்தகைய குழப்பம் இது. எனவே மாற்றிய வடிவம் எதுவாயினும் 'மாற்றியது' என்ற குறிப்புடன் வரவேண்டும். அசல் ஒற்றைத் தடமும் உடன் கிடைக்கவேண்டும்.

மாணவர்கள் இப்பாடலை மூன்று முறை கேட்கலாம். முதலில் கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில். இது பழைய மைக் செட்டுக்கு ஓரளவு நிகர். அடுத்துச் சூழொலியில், வாத்தியங்களை எண்ணியபடி. இறுதியாக, அசல் பதிவை நல்ல ஹெட்போனில். மூன்றாம் முறை கேட்கும்போது, இரண்டாம் முறை அறிந்த வாத்தியங்கள் தம் இடத்தில் பொருந்தியிருப்பதும், ஒரே புள்ளிக்குள் அத்தனையும் அடங்கியிருப்பதும் புலப்படும்.