கட்டியது கயிறா?

எங்கள் பாட்டிக்கு எதற்கும் ஒரே பதில்தான். "அவரு சித்தம்ய்யா." பால்மரங்களைச் சாய்த்துவிட்டு செம்பனை நட்டபோதும் அதுதான், லயத்துவீட்டைக் காலி செய்யச் சொன்னபோதும் அதுதான். பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் மரம் சீவினவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. அதே மாதம் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். நான் கூலிம் ஹைடெக் பார்க்கிலேயே தங்கிவிட்டேன். அப்போது சபையில் நாலு பேர் வந்து அதே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். எரிச்சலாக இருந்தது. எல்லாத் தோல்விக்கும் ஒட்டிக்கொள்ள ஒரே ஸ்டிக்கரா?

அந்த எரிச்சலோடுதான் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' படிக்க உட்கார்ந்தேன். இன்ஜினியரிங் படித்தவனுக்கு அது லேசான காரியமில்லை. 3,766 பாடல்கள், ஐந்து பருவங்கள், பக்கத்துக்குப் பக்கம் அகராதி. ஜான் பனியனின் 'பில்கிரிம்ஸ் புரோகிரஸ்' கதையைத் தமிழ்க் காவியமாக்கி 1894-இல் வெளியிட்டார். வைணவக் குடும்பத்தில் 1827-இல் பிறந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்றவர். கிறித்தவக் கம்பர் என்று அவரைப் பாராட்டுவார்கள். அது பாராட்டு மட்டுமில்லை, அவருடைய பிரச்சினையும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

என்னை நிறுத்திவைத்தது குமார பருவத்தில் வரும் இரட்சணிய சரித படலம். இயேசுவைக் கட்டி விசாரணைக்குக் கொண்டுவருகிறார்கள். கவிஞர் கதையை நிறுத்திவிட்டு நம்மிடம் திரும்புகிறார். கயிறு கட்டியதாக நினைக்காதீர்கள் என்கிறார். தன்னைப் பகைக்கிற மனிதர்கள்மேல் வைத்த அன்பை அவரால் அறுக்க முடியவில்லை, அதனால்தான் ஓர் ஏழையைப்போல ஒடுங்கி நிற்கிறார் என்கிறார். இங்கே 'பாசம்' என்ற சொல்லைக் கவனிக்கணும். தமிழில் அதற்குக் கயிறு என்றும் பொருள், அன்பு என்றும் பொருள். பனியனுக்கு இந்த வசதி இல்லை. ஆங்கிலத்தில் இப்படி ஒரே சொல்லுக்குள் இரண்டையும் வைத்து முறுக்க முடியுமா, தெரியவில்லை.

கம்பனைப் படித்தவர்களுக்கு உடனே பாசப் படலம் ஞாபகம் வரும். அனுமனும் கட்டுப்பட்டுத்தான் நிற்கிறான். ஆனால் அவனிடம் ஒரு திட்டம் இருக்கிறது. இராவணனைப் பார்க்கணும், பேசணும். கட்டுப்படுவது அதற்கான வழி. கடைசியில் இலங்கை எரிகிறது. கிருஷ்ணபிள்ளையின் இயேசுவிடம் அப்படி எந்தத் திட்டமும் கையில் இல்லை. இருந்த விருப்பத்தையும் முந்தின இரவே கெத்செமனே தோட்டத்தில் வியர்வையோடு கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அனுமன் மாதிரியே நிற்கவைத்து, அனுமனிடம் இருந்ததைக் கழற்றிவிடுகிறார் கவிஞர். தமிழ்க் காவிய மரபுக்குள் இருந்துகொண்டே அதைத் திருப்பிப்போடுகிற இடம் இது.

சரி. ஆனால் எனக்குள் இருக்கிற தோட்டத்துப் பிள்ளை கேட்கிறான்: அறுக்க முடிந்தவர் அறுக்காமல் நின்றால் அது தாழ்மை. அறுக்கவே முடியாதவர்களை என்ன சொல்வது? விடியுமுன்னே பெரட்டுக்கு நின்ற பாட்டி துரையின் கார் வந்தால் ஒதுங்கி நின்றார். அது தாழ்மையா, தாழ்த்தப்பட்டதா? இந்த வித்தியாசத்தைப் பேசாமல் சித்தம், சித்தம் என்றால் அது கிராணிக்குத்தான் வசதி.

யாக்கோபு நிருபத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். 'கர்த்தருக்குச் சித்தமானால்' என்று சொல்லச் சொல்லும் வசனம் நாலாம் அதிகாரத்தில் இருக்கிறது. அது யாருக்குச் சொன்னது? அந்த ஊருக்குப் போவோம், ஒரு வருஷம் வியாபாரம் செய்வோம், லாபம் பார்ப்போம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு. அப்படியே கீழே வந்தால் ஐந்தாம் அதிகாரம். வயலில் அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று முதலாளிகளைப் பார்த்துச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் பத்து வசனம்கூட இல்லை. நான் கேட்ட பிரசங்கங்கள் பெரும்பாலும் முதல் இடத்திலேயே நின்றுவிட்டன, அதுவும் லாபமே பார்க்காதவர்களிடம்.

பனியனிடமும் இதே விஷயம் இருக்கிறது. அவர் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற வேலைக்காரர். பிரசங்கம் பண்ண மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தால் விட்டிருப்பார்கள். கொடுக்காமல் பன்னிரண்டு வருஷம் சிறையில் இருந்தார். 1678-இல் வந்த அவருடைய கதையில் கிறிஸ்தியான் தாழ்மைப் பள்ளத்தாக்கில் இறங்குகிறான், இறங்கும்போது சறுக்குகிறான். அங்கே அப்பொல்லியோன் வழிமறிக்கிறான். அவன் பேச்சு அசல் துரை பேச்சு. நீ என் ஆள், நீ வந்த நாடு என் சொத்து, திரும்பி வா, பார்த்துப் போட்டுக் கொடுக்கிறேன் என்கிறான். கிறிஸ்தியான் சொல்லும் பதில்: உன்னிடம் வேலை கடினம், நீ கொடுக்கிற கூலியில் மனுஷன் பிழைக்க முடியாது. ஓடலாம் என்றும் அவனுக்குத் தோன்றுகிறது. ஆனால் கவசம் மார்புக்குத்தான் இருக்கிறது, முதுகுக்கு இல்லை. ஆகவே நிற்கிறான், சண்டை போடுகிறான். தாழ்மையின் பள்ளத்தாக்கில் நடக்கும் சண்டை! இதைப் படித்ததும் 1947-தான் நினைவுக்கு வந்தது. ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமியும் தொண்டர் படையும் கள்ளுக்கடைகளுக்கு எதிராக இதே கெடாவில் எழுந்து நின்றார்கள், போலீஸ் அவர்களை அடக்கியது. அவர்கள் பனியனைப் படித்தவர்கள் இல்லை. முதுகுக்குக் கவசம் இல்லை என்பது மட்டும் அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

இப்போது அந்தப் பிரச்சினை. தகரப் பாத்திரம் தட்டின ஒருவர் சந்தை மொழியில் சொன்ன கதையை, கிருஷ்ணபிள்ளை புலவர்களின் மேடையில் ஏற்றிவிட்டார். ஒடுங்கி நிற்கிற ஏழையைப் பற்றிய பாட்டு, ஏழைக்குப் புரியாத பாட்டு. பாட்டிக்கு ஒரு பாடலைப் படித்துக் காட்டினேன். "நல்லா இருக்குய்யா, என்னா சொல்றாரு?" என்றார். 'மோட்சப் பிரயாணம்' என்று உரைநடையில் வந்த பனியன் எங்கள் வீட்டிலேயே இருந்தது. அட்டை போய், எண்ணெய்க் கறையோடு. காவியம் எந்த லயத்துவீட்டிலும் நான் பார்த்ததில்லை.

அர்த்தம் சொன்னேன். யாக்கோபையும் ஐந்தாம் அதிகாரம்வரை வாசித்தேன். கூலி வசனம் வந்ததும் பாட்டி பைபிளை வாங்கி, கடைசி வெற்றுப் பக்கங்களைத் திருப்பிக் காட்டினார். பென்சிலில் தேதி, பக்கத்தில் எண்கள். அவர் கொண்டுபோய்க் கொடுத்த பாலின் எடை, நாள்வாரியாக. "கிராணி கொறச்சு எழுதுவான்ல. கேக்கறதுக்கு கணக்கு வேணும்."

கேட்டாரா என்று கேட்டேன். ரெண்டு தடவை கேட்டாராம், ஒரு தடவை கிடைத்ததாம். மீதி? "அவரு சித்தம்" என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "மீதிய அவன் தின்னுட்டான்" என்றார்.

அப்பாவுக்கு இப்போது இடதுகை கொஞ்சம் அசைகிறது. ஷிப்ட் முடிந்து வந்து நான்தான் பயிற்சி கொடுக்கிறேன். சிங்கப்பூர்க் கம்பெனியின் கடிதத்தை இன்னும் அழிக்கவில்லை, ஃபோனில் இருக்கிறது. என்னைக் கட்டியிருக்கிற பாசம் எந்தப் பாசம் என்று கிருஷ்ணபிள்ளையைக் கேட்டுப் பார்க்கிறேன். சில ராத்திரிகளில் ஒரு பதில், சில ராத்திரிகளில் இன்னொன்று.